பெத்தகானவில் எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியது போல: லென்ஸ் பழுதா?

பாமன்கடை_அம்மா:
வணக்கம். கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வந்திருக்கிறது. ஞாயிறு காலை எல்லோருமாகக் கொழும்புக்குக் கிட்ட உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனோம். கமராவில் 70-300 மி.மீ. ஸூம் லென்ஸ். இறங்கினவுடனே பலகைப் பாதைக்குக் கிட்ட ஒரு கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. அண்ணாவின் மகன் அதை முதலை என்றே சாதித்தான். சரி, ஆதாரத்துக்கு ஒரு படம் என்று எடுத்தால் முழுக்க வெள்ளைப் புகை. சேலைத் தலைப்பால் லென்ஸைத் துடைத்தேன், அப்போதும் அப்படியே. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு தெளிந்தது, ஆனால் நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாமே கலங்கின மாதிரி. அடுத்த கிழமை யானை பார்க்க உடவளவை தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். அதற்குள் லென்ஸைத் திருத்தக் கொடுக்கவேண்டுமா?

கூழைக்கடா:
கொடுக்க அவசரப்படாதீர்கள் அக்கா. கமரா இரவு எங்கே இருந்தது?

பாமன்கடை_அம்மா:
படுக்கை அறையில்தான், ஏசி 20இல். போன வான் வண்டியிலும் ஏசி. கமரா என் மடியில் இருந்தது.

கூழைக்கடா:
அப்படியென்றால் முதல் பிரச்சினை பனித்தல். குளிர்பானப் போத்தலை மேசையில் வைத்தால் வெளியே வியர்க்குமே, அதுவேதான். வெளியே 28 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; 25 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளிலும் நீர் படியும். கொழும்புக் காலைக்கு இது சாதாரணக் கணக்கு. துடைத்தும் போகவில்லை என்றால், லென்ஸுக்கு முன்னுக்கு யூவி ஃபில்டர் (திருகிப் பூட்டும் பாதுகாப்புக் கண்ணாடி) போட்டிருக்கிறீர்களா?

பாமன்கடை_அம்மா:
ஓம், கடைக்காரர் லென்ஸோடு சேர்த்துத் தந்தது.

கூழைக்கடா:
அங்கேதான் விஷயம். ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் பனித்திருக்கும். நீங்கள் வெளிப்பக்கத்தை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அடுத்த முறை அப்படி நடந்தால் ஃபில்டரைக் கழற்றி, நிழலில் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். அதுவரை ஸூமை நீட்டி மடக்கவேண்டாம். நீட்டும்போது லென்ஸ் மூச்சு இழுக்கிற மாதிரி ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். குளிராக இருக்கும்போது லென்ஸைக் கழற்றி மாற்றவும் வேண்டாம், சென்சரும் பனிக்கும்.

வராமல் தடுப்பது சுலபம். அறையை விட்டு வெளிக்கிட முன், ஏசிக்குள்ளேயே கமராவை சிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடுங்கள். வானில் ஏசி படாத இடத்தில், பின்னுக்குச் சாமான்களோடு வையுங்கள். போய் இறங்கி, பை வெளிச்சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்கவேண்டும். அரை மணித்தியாலம், சில நேரம் முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். நீர் பைக்கு வெளியே படியும், கமராவில் படியாது.

தெஹிவளை_மழை:
நான் அரிசிப் பேணிக்குள் வைப்பேன், நன்றாக ஈரம் இழுக்கும்.

லென்ஸ்_மாமா:
தம்பி, அரிசியில் இருக்கும் மாத்தூள் லென்ஸ் இடுக்கெல்லாம் போய்விடும். அரிசியைச் சோற்றுக்கு வையுங்கள். இறப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத டப்பா, அதற்குள் ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் மணிகள், ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். 40 முதல் 50 வீதம் காட்டினால் நல்லது. செம்மஞ்சள் மணிகள் பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது, சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம்.

பிள்ளை, நீங்கள் கடற்கரைப் பக்கம் இருப்பதால் இன்னொன்றும் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்தால் போன் வெளிச்சத்தை அடித்து, முன்பக்கத்தால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம். அப்போது மட்டும் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். சேலைத் தலைப்பால் இனித் துடைக்கவேண்டாம். உப்புத் தூசி இருந்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு மைக்ரோஃபைபர் துணி.

பாமன்கடை_அம்மா:
பார்த்தேன் மாமா, நூல் ஒன்றும் இல்லை. இரண்டு தூசிதான். அப்பாடா. ஆனால் தெளிந்த பிறகும் பறவைகள் கலங்கியதற்கு என்ன காரணம்? மீன்கொத்திப் படத்தின் விவரம்: 300 மி.மீ., துவாரம் எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/125 செக்கன், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200.

கூழைக்கடா:
இது பனியே இல்லை, வேறு பிரச்சினை. கையில் பிடித்து 300இல் 1/125 என்றால் கை நடுக்கமே போதும். லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருந்தாலும் அது உங்கள் கையைத்தான் சமாளிக்கும், பறவை தலையைத் திருப்புவதை நிறுத்தாது. ஐஎஸ்ஓவை ஏன் 200இல் கட்டி வைத்தீர்கள்?

பாமன்கடை_அம்மா:
கூட்டினால் புள்ளி புள்ளியாக வரும் என்று மச்சான் பயமுறுத்தியிருந்தார்.

கூழைக்கடா:
புள்ளி வந்த படத்தைப் பார்க்கலாம், கலங்கிய படத்தை என்ன செய்வது? ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்சத்தை 3200 என்று வையுங்கள். சும்மா இருக்கும் பறவைக்கு 1/500, பறக்கும்போது 1/1000க்குக் குறையாமல். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்கட்டும். உடவளவையில் படம் எடுக்கும்போது ஜீப் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள், அந்த அதிர்வு நேரே கைக்கு வரும். மத்தியானத்தில் தூரத்து யானை தெளிவாக வரவில்லை என்றால் கமராவைத் திட்டவேண்டாம், அது நிலத்துச் சூட்டில் காற்று அலைவது. கிட்ட வரும் யானையை எடுங்கள்.

பாமன்கடை_அம்மா:
இன்று காலை பையில் மூடிக்கொண்டு தியசரு பூங்காவுக்குப் போனோம். பை வெளியே நனைந்து சொட்டியது, கமரா உலர்ந்தே இருந்தது! பிள்ளைகளுக்குத்தான் அந்த அரை மணித்தியாலம் பொறுக்க முடியவில்லை; பிஸ்கட் பக்கெட் ஒன்று காலி. கூழைக்கடா ஒன்று தலைக்கு மேலால் போனது, இறகு இறகாக வந்திருக்கிறது. ஆனால் வெள்ளைக் கொக்கு மட்டும் சுண்ணாம்பு பூசின மாதிரி.

லென்ஸ்_மாமா:
பின்னால் இருண்ட பற்றையா? கமரா அதைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கியிருக்கும். கொக்குக்கு எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) −1க்கு இறக்குங்கள். எடுத்து முடிந்ததும் பூச்சியத்துக்குத் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்து எடுக்கும் பிள்ளைகளின் முகமெல்லாம் கறுத்துவிடும்.

பாமன்கடை_அம்மா:
ஏற்கனவே மாமியின் முகம் கறுத்துத்தான் வந்தது, அது வேறு கதை. நன்றி மாமா, நன்றி தம்பி.