ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப், எந்த மவுன்ட்?

வணக்கம் நண்பர்களே. வேளச்சேரியில் இருக்கிறேன். கையில் இருப்பது 0.177 அங்குல ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் (ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடும் துப்பாக்கி). அட்டை இலக்கைச் சுட மட்டும்தான். வேட்டைக்குத்தான் சட்டம் தடை போட்டுவிட்டதே!

ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் முன்னாலும் உதைக்கும் என்பதால், அதைத் தாங்கும் ஏர்கன் ஸ்கோப்தான் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வேண்டும். 3 முதல் 9 மடங்கு, 40 மி.மீ. லென்ஸ், பாரலாக்ஸை (கண் நகரும்போது குறி இலக்கிலிருந்து விலகித் தெரிவதை) 10 மீட்டருக்குச் சரிசெய்யும் வசதி என்று யோசிக்கிறேன். விலை முக்கியமில்லை, உழைக்க வேண்டும்.

துப்பாக்கியின் மேலுள்ள 11 மி.மீ. டவ்டெயிலில் (ஸ்கோப் மாட்டும் பள்ளத்தில்) ஸ்கோப் பின்னால் நழுவாமல் இருக்க, இரு வளையங்களும் ஒன்றாக இணைந்த ஒற்றை மவுன்ட் (ஸ்கோப்பைப் பிடிக்கும் தாங்கி) நல்லதா, தனித்தனி வளையங்களோடு நழுவாமல் தடுக்கும் ஸ்டாப் பின் போதுமா? திருகுகளை எவ்வளவு இறுக்கலாம்? ஸ்கோப் குழாய் நசுங்கிவிடுமோ என்று பயம்.

அப்புறம், நம் ஊர்க் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைத்திருக்கிறீர்கள்? காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதுமா? சென்னையில் பொறுமையாக மாட்டிக்கொடுப்பவர் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்.