குழும நிறுவனங்களுக்குப் பொதுவான கணக்குத் தலைப்புகள்: எந்த அளவுக்கு ஒருமைப்படுத்துவது?

கேள்வி

வணக்கம். கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு குழுமத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். தாய் நிறுவனத்துக்கு வார்ப்படம் வழங்கும் பவுண்டரி, உள்நாட்டு விற்பனை நிறுவனம், கொழும்பிலுள்ள விற்பனை நிறுவனம் என மூன்று துணை நிறுவனங்கள் உள்ளன. தாய் நிறுவனம் உட்பட இந்தியாவிலுள்ள மூன்றும் டேலி மென்பொருளில் கணக்கு வைத்திருந்தாலும் லெட்ஜர்களை (தனித்தனிக் கணக்குகளை) அவரவர் விருப்பப்படி திறந்திருப்பதால், சரக்கு அனுப்பும் செலவு ஓரிடத்தில் ‘லாரி வாடகை’ என்றும், இன்னோரிடத்தில் ‘பிரெய்ட்’ என்றும், மற்றோரிடத்தில் இதர செலவுகளோடு கலந்தும் கிடக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 129(3) கோரும் ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கைக்காக ஆண்டுதோறும் எக்செல்லில் எல்லாவற்றையும் மறுபடி வகைப்படுத்துகிறோம். நாங்கள் இண்ட் ஏஎஸ் (பன்னாட்டுத் தரங்களை ஒட்டிய இந்தியக் கணக்கியல் தரங்கள்) பின்பற்றுபவர்கள். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே லெட்ஜர் பட்டியலைக் கட்டாயமாக்குவதா, இருப்பவற்றைப் பொதுப் பட்டியலோடு இணைப்பதா?

மறுமொழி 1

லெட்ஜர்களை விட்டுவிடுங்கள், அவற்றுக்கு மேலேயுள்ள குரூப்புகளை (லெட்ஜர்களைத் தொகுக்கும் தலைப்புகளை) ஒன்றாக்குங்கள். கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், இண்ட் ஏஎஸ் நிறுவனங்களுக்கான இரண்டாம் பிரிவு (Division II) கேட்கும் தலைப்புகளையும், குறிப்புகளில் தனித்தனியே காட்ட வேண்டியவற்றையும் முதலில் எழுதி, அதே பெயர்களில் துணைக் குரூப்புகளை டேலியின் எல்லா நிறுவனங்களிலும் திறந்துவிட்டால், பவுண்டரி தன் மணல், கரி, மின்சாரக் கணக்குகளை எத்தனை லெட்ஜர்களாகப் பிரித்தாலும் அவை சரியான தலைப்பின்கீழ் வந்து சேரும். கிளை, துறை ஆகியவற்றுக்காகத் தனி லெட்ஜர் திறக்க வேண்டாம்; அவை காஸ்ட் சென்டரில் (செலவைக் கிளை, துறை வாரியாகக் காட்டும் டேலி வசதி) இருக்கட்டும். புதிய குரூப் திறக்கும் அதிகாரம் தாய் நிறுவனத்தில் ஒருவரிடம் மட்டுமே இருப்பது மிக அவசியம்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் குழுமத்துக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் மட்டும் லெட்ஜர் அளவிலேயே கட்டாயம் வேண்டும். குழும விற்பனை, குழும கொள்முதல், குழும வரவேண்டியவை, குழும கொடுக்கவேண்டியவை என்று எதிர் நிறுவனத்தின் பெயரோடு தனி லெட்ஜர்கள் இல்லாவிட்டால், ஆண்டு முடிவில் வெளியாள் பில்களிலிருந்து அவற்றைப் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு. ஒருங்கிணைக்கும்போது குழுமத்துக்குள் நடந்த விற்பனையையும் நிலுவையையும் நீக்க வேண்டும்; விற்பனையை நீக்கும் தொகையில் ஜிஎஸ்டி சேராது, நிலுவையிலோ சேர்ந்திருக்கும்; வாங்கியவர் பிடித்த டிடிஎஸ்ஸை விற்றவர் பதியாமலும், வழியிலுள்ள சரக்கை வாங்கியவர் பதியாமலும் இருப்பதாலேயே பெரும்பாலான வேறுபாடுகள் எழுகின்றன. ஆகவே நிலுவைகளை மார்ச் வரை வைத்திராமல் மாதந்தோறும் ஒத்துப்பார்த்துவிடுங்கள். பவுண்டரியிடம் வாங்கி இன்னும் கையிருப்பிலுள்ள வார்ப்படங்களில் அடங்கிய லாபத்தையும் நீக்க வேண்டியிருப்பதால், அந்த இருப்பைத் தனியே அடையாளம் காணும் வழியும் தேவை.

மறுமொழி 3

கொழும்பைப் பற்றி. இலங்கைக் கணக்கியல் தரங்களும் பன்னாட்டுத் தரங்களையே அடிப்படையாகக் கொண்டவை என்பதால் கொள்கை வேறுபாடு அதிகம் இராது. அங்குள்ள மென்பொருளை மாற்றச் சொல்லாமல், அவர்களுடைய இருப்பாய்வை (டிரையல் பேலன்ஸ்) உங்கள் பொதுத் தலைப்புகளுக்கு இணைக்கும் ஓர் அட்டவணை போதும். இண்ட் ஏஎஸ் 21-இன்படி சொத்துகளும் பொறுப்புகளும் ஆண்டு இறுதி மாற்று விகிதத்திலும், வரவு செலவுகள் பரிவர்த்தனை நாளின் விகிதத்திலும், விகிதம் பெரிதும் ஏறி இறங்காதபோது சராசரியிலும் மாற்றப்படும். அதில் எழும் வேறுபாட்டுக்குப் பிற ஈக்விட்டி (other equity) பகுதியில் ஒரு தனித் தலைப்பை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். தாய் நிறுவனம் கொழும்புக்குக் கொடுத்த கடனில், கண்ணுக்கெட்டிய எதிர்காலத்தில் திருப்பி வாங்கும் எண்ணமோ வாய்ப்போ இல்லாத பகுதியைச் சாதாரண வியாபார நிலுவையோடு சேர்க்காதீர்கள். ஒருங்கிணைந்த அறிக்கையில் அதன் மாற்று விகித வேறுபாடு முதலில் லாப நட்டத்துக்குப் போகாது. கணக்காண்டு வேறாக இருந்தால், இண்ட் ஏஎஸ் 110 அனுமதிக்கும் இடைவெளி 3 மாதங்கள்தான்.