நீர்த்தகைவா, நீர்த்தவிப்பா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

குறுவை:
குழுவினருக்கு வணக்கம். இளநிலைத் தாவரவியல் பாடநூலில் ஓர் இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். தண்ணீர் குறைந்தாலும், மிஞ்சினாலும், உப்பேறினாலும் தாக்குப்பிடிக்கும்படி மரபணுப் பொறியியலால் பயிரை மாற்றுவதுதான் பொருள். 'வாட்டர் ஸ்ட்ரெஸ் டாலரன்ஸ்' பத்திக்கு நாலு தடவை வருகிறது. முதல் வரைவில் 'நீர் அழுத்தம்' என்று போட்டேன். எட்டிப்பார்த்த மகன், "மேல்தொட்டி மோட்டார் பத்தியாம்மா?" என்றான். அழித்துவிட்டேன். ஒரு சொல் தாருங்கள்.

வண்டல்:
இதற்கு ஏன் புதுச்சொல்? 'வறட்சியைத் தாங்கும் இரகம்' என்று விதை மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. ஸ்ட்ரெஸ்ஸுக்குக் 'காய்ச்சல்' என்று போடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணி கட்டு என்றால் டெல்டாவில் சின்னப் பையனுக்கும் புரியும்.

பச்சையம்:
வண்டல் அண்ணே, அந்தக் காய்ச்சல் நாமே கணக்குப் பார்த்து வயலைக் காயவிடுவது. பயிருக்கு அது துன்பமே இல்லை, வேர் இறங்கும். இங்கே கேட்பது வேறு. வெள்ளத்தில் மூழ்கிய நெல்லுக்கும் அதே சொல் பொருந்த வேண்டும். அதற்கும் காய்ச்சல் என்பீர்களா?

தாவரவியலுக்கு இந்தச் சொல்லாட்சியே இயற்பியலிலிருந்து வந்தது. 1972இல் ஜேக்கப் லெவிட் எழுதிய நூல், வெளியிலிருந்து வரும் விசையை ஸ்ட்ரெஸ் என்றும் அதனால் செடிக்குள் நேர்வதை ஸ்ட்ரெயின் என்றும் பிரித்தது. நம் பள்ளி இயற்பியலில் இவை தகைவு, திரிபு. ஆகவே 'நீர்த்தகைவு'. கதை முடிந்தது.

வலிகாமத்தான்:
முடியேல்லை. எங்கட பாடப்புத்தகங்களில அது தகைப்பும் விகாரமும். 'நீர்த்தகைப்பு' எண்டு போட்டால் இரண்டு கரைக்கும் பொதுவாய் இருக்குமே. விகாரம் வேண்டாம், பயிர் பாவம்.

தகடூரான்:
தம்பிமார் இருவரும் தகையைத் தொட்டதால் சொல்கிறேன். தகைதல் என்றால் தடுத்தல். தகை என்றால் அழகும்கூட. குறளில் ஓர் அதிகாரத்துக்கே 'தகையணங்குறுத்தல்' என்று பெயர். தலைவியின் அழகு தலைவனை வருத்துகிறது. வருத்தும் அழகுக்கு வந்த சொல்லை வாடும் பயிருக்குப் போடுவதா?

இன்னொன்று. வறட்சியை நிலத்தின் துயரமாகவே பாடியவர் இளங்கோவடிகள்: 'முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து, நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப் பாலை என்பதோர் படிவம் கொள்ளும்.' பச்சையம் சொன்ன 'திரிபு' அங்கேயே இருக்கிறது. 'உறுத்து' என்பதிலிருந்து 'உறுத்தம்' என்று ஆக்கினால் என்ன? நீருறுத்தம். சொல்லிப் பாருங்கள், நாக்கில் நிற்கிறது.

வண்டல்:
கண்ணில் தூசி விழுந்தது போல இருக்கிறது ஐயா.

குறுவை:
ஐயா, இன்று புதன்.

தகடூரான்:
தெரியும் அம்மா. ஸ்ட்ரெஸ்ஸை விடுங்கள், டாலரன்ஸுக்கு வருவோம். 'சகிப்புத்தன்மை' வேண்டவே வேண்டாம், வடசொல் என்பது ஒரு பக்கம், அது மனிதர்க்கு உரியது. 'உற்றநோய் நோன்றல்' என்கிறார் வள்ளுவர். நோன்றல், பொறுத்தல். நோன்மை என்றால் பொறுமையும் வலிமையும். நோன்பு அதே வேர். தண்ணீரின்றி இருக்கும் பயிர் நோன்பிருக்கிறது. ஆகவே 'நீர்நோன்மை'.

வண்டல்:
விவசாயி கடையில் போய் "ஒரு மூட்டை நீர்நோன்மை நெல்" என்று கேட்பாரா? ரம்ஜான் கஞ்சிக்கா என்பான் கடைக்காரன்.

பச்சையம்:
சிரித்தாலும், ஐயா சொன்னது வறட்சியைவிட வெள்ளத்துக்குத்தான் பொருந்துகிறது. ஒருமுறை வகுப்புக்காகப் பிளாஸ்டிக் டிரம்மில் சுவர்ணா நெல்லையும், அதிலேயே வெள்ளம் தாங்கும் சப்1 மரபணு சேர்ந்த சுவர்ணா-சப்1ஐயும் இரண்டு வாரம் முக்கி வைத்தோம். தண்ணீர் நாறிவிட்டது. சுவர்ணா வெளிக்காற்றை எட்ட நெடுநெடுவென்று நீண்டது. வடித்ததும் நூலாகச் சாய்ந்தது. சப்1 வளராமல் அடங்கிக் கிடந்து, இருந்த சர்க்கரையைச் சேமித்து, வடிந்தபின் குருத்து விட்டது. அசல் நோன்பு! அந்த மரபணு ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற நெல்லிலிருந்து வந்தது. ஆழ்நீர் நெல்லில் உள்ள 'ஸ்நார்கெல்' மரபணுக்கள் நேர் எதிர்: நீண்டு தலையை வெளியே நீட்டிப் பிழைக்கும்.

வலிகாமத்தான்:
அப்ப மரபணுப் பொறியியல் நெல் ஏற்கெனவே வயலில நிக்குதோ?

பச்சையம்:
இல்லை, இந்தக் குழப்பம் இயலுக்குள் வந்துவிடக் கூடாது. சுவர்ணா-சப்1 மரபணு அடையாளக் குறிகளைப் பார்த்துப் பார்த்து இரகங்களைக் கலப்புச் செய்து எடுத்தது, வழக்கமான இனப்பெருக்க முறைதான். வேற்று மரபணுவைச் செருகியதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் அர்ஜென்டினா 2020இல் ஒப்புதல் தந்த எச்பி4 கோதுமை: சூரியகாந்தி மரபணு. அமெரிக்க மக்காச்சோளம் ஒன்றில் பாக்டீரியாவின் மரபணு. 2025 மே மாதம் இந்தியா அறிவித்த பூசா டிஎஸ்டி ரைஸ் 1 மூன்றாம் வகை: நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தியிருக்கிறார்கள். மூன்றுக்கும் 'மரபணு மாற்றப்பட்ட' என்று ஒரே அடைமொழி போட்டால் தேர்வில் பிள்ளைகள் தோற்பார்கள்.

வண்டல்:
நம்மூரில் 'மடுமுழுங்கி' என்று ஒரு பழைய நெல் இருக்கிறது. மடுவையே முழுங்கும். வெள்ளம் தாங்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எவன் சொன்னான்? வேரைத் தேடாமல் பேர் வைத்திருக்கிறார்கள். வறட்சிக்கு என் ஓட்டு 'தவிப்பு'. "தண்ணி தவிக்குது" என்று தினமும் சொல்கிறோம். நீர்த்தவிப்பு.

தகடூரான்:
அழகான சொல். ஆனால் மூழ்கிய பயிர் தண்ணீருக்கா தவிக்கிறது?

வலிகாமத்தான்:
மூச்சுக்குத் தவிக்குது ஐயா.

தகடூரான்:
அப்படியானால் அது மூச்சுத்தவிப்பு. உப்பில் நிற்கும் பயிருக்கு?

(இதற்கு யாரும் பதில் எழுதவில்லை.)

குறுவை:
வியாழன் இரவு பதினொன்று. வாக்கை எண்ணிவிட்டேன்: தகைவு மூன்று, தகைப்பு ஒன்று, தவிப்பு ஒன்றரை (பச்சையம் அரை வாக்கு போட்டார்), உறுத்தம் ஒன்று. தலைப்பில் 'நீர்த்தகைவு தாங்கும் பயிர்கள்' என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'தகைவு (புற நெருக்கடி)' என்று விளக்கம். பெட்டிச் செய்தியில் மடுமுழுங்கி வருகிறது, நன்றி அண்ணே. தகடூரான் ஐயா மன்னிக்க வேண்டும். நோன்மைக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை.

தகடூரான்:
மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை. நான் என் கட்டுரையில் நீர்நோன்மை என்றே எழுதுவேன். படிப்பவர்கள் நோன்றுகொள்ளட்டும்.

பச்சையம்:
குறுவை, ஒரு நிமிடம், அனுப்பிவிட்டீர்களா? ஆறாம் பக்கத்தில் வேரை ஆழமாக விட்டு வறட்சியிலிருந்து தப்புவதற்கும் 'தாங்குதல்' என்றே போட்டிருக்கிறீர்கள். அது டாலரன்ஸ் இல்லை, அவாய்டன்ஸ். அதற்கு வேறு சொல் வேண்டுமே?