மறு: ஆண்களின் அரிய மார்பகப் புற்றுவகைகள் – 'காம்புரு' சரிப்படுமா?

வணக்கம். ஆண்களுக்கு வரும் அரிய மார்பகப் புற்றுவகைகளுக்குத் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் போடுகிறோமே, அதில் 'பாப்பில்லரி கார்சினோமா' (papillary carcinoma) என்ற வகைக்கு வந்த யோசனைக்கு முதலில் பதில்.

> 'காம்புருப் புற்று' என்றே வைத்துக்கொள்ளலாம். பாப்பில்லா என்றால் லத்தீனில் முலைக்காம்புதானே.

லத்தீன் வரைக்கும் சரி. ஆனால் திசுவைச் சோதித்து நோயைக் கண்டறியும் நோய்க்கூறியல் மருத்துவர் காம்பை நினைத்து 'பாப்பில்லரி' என்று எழுதுவதில்லை. நுண்ணோக்கியில் அவர் பார்ப்பது விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் திசு. ஒவ்வொரு விரலின் நடுவிலும் மெல்லிய இரத்தக்குழாயோடு ஒரு தண்டு ஓடும். அந்த வடிவத்துக்குத்தான் பெயர்.

ஆண்களைப் பற்றி எழுதும்போது 'காம்புரு' இன்னும் குழப்பும். இந்த வகை அரிதுதான் என்றாலும், விகிதத்தில் பெண்களைவிட ஆண்களிடம் சற்றுக் கூடுதல். காம்பு வழியே இரத்தம் கசிவதும் இதன் அறிகுறிகளில் ஒன்று. காம்பின் தோல் கரப்பான் (எக்சிமா) போலச் சிவந்து செதிலாகும் பேஜெட் நோயும் நம் பட்டியலில் இருக்கிறது. அது வேறு. ஆனால் 'காம்புரு' என்று படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார்.

தைராய்டு புற்றில் மிகப் பரவலான வகைக்கும் இதே அடைமொழிதான். கழுத்தில் ஏது காம்பு?

என் பரிந்துரை 'விரலுருப் புற்று'. முதலில் 'விரலிப் புற்று' என்று எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, ஆனால் கைவிரலில் வந்த புற்று போல ஒலிக்கிறது. 'உரு' சேர்ந்தால் அந்தச் சந்தேகம் இல்லை. நீர்க்கட்டிக்குள் வளரும் வகைக்குப் புதிய கூட்டுச்சொல் தேட வேண்டாம். 'நீர்க்கட்டிக்குள் வளரும் விரலுருப் புற்று' என்று நீளமாகவே இருக்கட்டும்.

> ஆணுக்கு ஏது பால்நாளம்? வெறும் 'நாளப் புற்று' போதும்.

'டக்டல் கார்சினோமா'வுக்கு (ductal carcinoma) 'பால்நாளப் புற்று' என்பதே இருக்கட்டும்; பால்நாளம் என்பது பாலைக் காம்புக்குக் கொண்டுசெல்லும் குழாய். வெறும் நாளம் என்றதும் பலருக்கும் இரத்த நாளம்தான் நினைவுக்கு வரும். அப்புறம், ஆணுக்கும் பால்நாளம் உண்டு, பெண்களைப் போல வளராமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆண்களின் மார்பகப் புற்றில் 100க்கு 85 முதல் 90 வரை அங்கே தொடங்குகிறவை. நாளங்களின் முனையில் பால் சுரக்கும் நுண்மடல்களோ ஆண்களுக்குப் பெரும்பாலும் உருவாவதே இல்லை. அதனால்தான் 'நுண்மடல் புற்று' 100க்கு 1 அல்லது 2 மட்டுமே. 'பால்' என்பதை எடுத்துவிட்டால் இந்தத் தொடர்பே விட்டுப்போகும்.

'மார்புப் புற்று' வேண்டாம், நுரையீரலோ என்று நினைப்பார்கள். 'மார்பகம்' ஆணுக்கும் இருக்கட்டும்.

'விரலுரு'வுக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். 'முகிழுரு' என்று யாராவது சொல்வதற்குள் ஒன்று: முகிழ் என்றால் மொட்டு, அதில் விரலின் நீளம் வராது.