நுரையீரல் புற்றுநோயில் ஹார்மோன் கோளாறு: எங்கள் வீட்டில் நடந்தது

சேலம், அம்மாப்பேட்டையிலிருந்து:

பெரியப்பா விசைத்தறி ஓட்டியவர், பீடி பழக்கம் உண்டு. போன சித்திரையில் ஒரு நடுராத்திரி எழுந்து, "தறி நிக்குது, ஆள் எங்கே?" என்று கத்தினார். இறந்துபோன பெரியம்மாவைக் கூப்பிட்டார். வயசாயிடுச்சு என்றார்கள் அக்கம்பக்கத்தில். ஒரே வாரத்தில் யாருக்கும் அவ்வளவு வயசாகாது. ரத்தத்தில் சோடியம் 114. இருக்க வேண்டியது 135 முதல் 145. உடனே மருத்துவர் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அப்புறம் சிடி ஸ்கேன், கட்டியில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. நுரையீரலில் ஸ்மால் செல் என்ற வகைப் புற்றுநோய்.

மூளையிலிருந்து அளவாக வர வேண்டிய ஏடிஎச் ஹார்மோனை நுரையீரல் கட்டியே சுரந்து தள்ளுகிறது. சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ள, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. உப்பு நீரை மெதுவாகத்தான் ஏற்றினார்கள். சோடியம் வேகமாக ஏறினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்துவிடுமாம். வீட்டுக்கு வந்ததும் மோர், காபி, ரசம் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர்தான். சேலத்து வெயிலில் அவர் தண்ணீருக்குக் கெஞ்சியதைப் பார்க்க முடியவில்லை. சொந்தக்காரர்கள் இளநீரோடு வந்து நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது. கீமோ கேட்க ஆரம்பித்த பிறகுதான் சோடியம் நிலைக்கு வந்தது.

ஏற்காட்டிலிருந்து:

எங்கள் அப்பாவுக்கு நேர்மாறு. காபித் தோட்டத்தில் வேலை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், ஓயாமல் சிறுநீர், மலச்சிக்கல், எந்நேரமும் தூக்கம். சேலத்துக்கு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. எல்லாரும் சர்க்கரை என்றார்கள். சர்க்கரை சரியாக இருந்தது, கால்சியம்தான் 13.8. பத்தரைக்கு மேல் போகக் கூடாது. அவருக்கு நுரையீரல் புற்றுநோயில் ஸ்குவாமஸ் செல் என்ற வேறு வகை. ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன் போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தைக் கட்டி சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகிறது. அவருக்கு சலைன் நிறைய ஏற்றி, எலும்பிலிருந்து கால்சியம் கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தும் போட்டார்கள். சில நாளில் தெளிந்து, பேரனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

அம்மாப்பேட்டையிலிருந்து மறுபடியும்:

படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஒரே உறுப்பில் நோய், ஒருவருக்குத் தண்ணீரை நிறுத்துகிறார்கள், இன்னொருவருக்கு ஏற்றுகிறார்கள். குழம்பிப் பேசுகிறவருக்கு ரத்தம் பார்க்காமல் நாமாக எதுவும் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. பெரியப்பாவுக்குப் போன வாரம் சோடியம் மறுபடி 126. நோய் திரும்பினாலும் இப்படி இறங்கலாம் என்று ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். திங்கட்கிழமை போகிறோம்.