பிளஸ் ஒன்னில் சிலம்பம், என்.எஸ்.எஸ்., நீட்: எதை எப்போது நிறுத்துவது?

காட்பாடி மாணவி:
அரசுப் பள்ளி, தமிழ் வழி, உயிரியல் பிரிவு. வாரம் நான்கு நாள் மாலை 5 முதல் 6.30 வரை வேலூர் கோட்டைப் பக்கம் சிலம்பம். விடுமுறையில் என்.எஸ்.எஸ். முகாம் வேறு. பஸ் பிடித்து வீடு சேர 7.15 ஆகிறது. எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இயற்பியல் கணக்கு ஒன்றுகூட ஓடவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிடு என்கிறார்கள் வீட்டில். சான்றிதழ் மருத்துவக் கவுன்சலிங்கில் உதவும் என்கிறார்கள் வெளியில். அண்ணா, அக்கா, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாகாயம் உயிரியல் ஆசிரியர்:
சிலம்பத்தை விடாதேம்மா. படிப்பைக் கெடுப்பது அந்த ஒன்றரை மணி நேரம் இல்லை. அதற்கப்புறம் எந்தப் பாடத்தை எடுக்கிறாய் என்பதுதான் விஷயம். கம்பு சுற்றிவிட்டு வந்தால் மணிக்கட்டு துவண்டு கிடக்கும், சாப்பிட்டதும் கண் சொக்கும். அப்போது சுழற்சி இயக்கத்தைப் புதிதாக எடுத்தால் மண்டையில் ஏறாது. புதுப் பாடமும் கணக்கும் விடியற்காலை 5 முதல் 6.30 வரை.

இரவில் உயிரியல் கேள்வி 45, நேரம் 40 நிமிடம். அடுத்த அரை மணி நேரம் தப்பானவற்றுக்கு மட்டும். விடையைப் பார்த்துத் தலையாட்டினால் போதாது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் அந்த வரியைத் தேடிப் பிடித்துப் பென்சிலால் கோடு போடு. ஒரே வரியில் மூன்று கோடு விழுந்தால் அதைத் தனி நோட்டில் எழுது. நீட்டில் உயிரியல் 90 கேள்வி, 360 மதிப்பெண்; மொத்தம் 720-ல் சரிபாதி. பத்து மணிக்குப் படுத்துவிடு.

சத்துவாச்சாரி அக்கா:
சான்றிதழை நம்பி எதையும் தொடராதே தங்கச்சி. என்.எஸ்.எஸ்.ஸுக்கு எம்.பி.பி.எஸ். தரவரிசையில் மதிப்பெண் கிடையாது. விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ஆனால் மாநிலம் முழுக்க விரல் விட்டு எண்ணும் இடங்கள்தான், அதற்கும் நீட் தேற வேண்டும். உனக்கு நிஜமான பலம் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றை இப்போதே சேர்த்து வை, பள்ளி மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் வாங்கு.

குடியாத்தம் இயற்பியல்:
ஐந்து மணி எல்லோருக்கும் ஒத்துவராது. எழுந்து தூங்கி வழிவதானால், சிலம்பம் இல்லாத மூன்று நாளுக்கு இயற்பியலைத் தள்ளு. ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். பாலாற்றுப் பாலத்தில் பஸ் நிற்கும் நேரத்துக்கு வேதியியல் சமன்பாடு எழுதிய சின்ன அட்டைகள் பத்து போதும்.

உண்மையில் நாளைத் தின்பது முகாமும் போட்டியும்தான். ஏழு நாள் முகாம் என்றால், திரும்பி வந்து பழைய ஓட்டம் பிடிக்க இன்னும் இரண்டு மூன்று நாள். முகாமைப் பிளஸ் ஒன்னிலேயே முடித்துவிடு. பிளஸ் டூவில் அரையாண்டுத் தேர்வோடு போட்டிகளை நிறுத்தி, மொட்டைமாடியில் அரை மணி நேரம், வாரம் மூன்று நாள் சுற்று. அடியோடு விட்டால் உடம்பு கனத்துப்போகும், மூன்று மணி நேரம் உட்கார இடுப்பு ஒத்துழைக்காது.

பொதுத்தேர்வு முடிந்ததும் மாதிரித் தேர்வு மதியம் 2 முதல் 5 வரைதான், நீட் நேரமே அதுதான். வேலூர் வெயிலில் ஒரு மணிக்கு வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டு உட்கார்ந்தால் மூன்று மணிக்குத் தூக்கம் தள்ளும். பன்னிரண்டுக்கே அளவாகச் சாப்பிடு. விடைக்கு வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளை அச்செடுத்துப் பேனாவால் நிரப்பிப் பழகு. வட்டத்துக்கு 5 வினாடி என்றாலும் 180 வட்டத்துக்கு 15 நிமிடம். கடைசியில் மொத்தமாக நிரப்புகிறவர்கள் இங்கேதான் வரிசை மாறிக் கோட்டை விடுகிறார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கு நிரப்பிவிடு.

பாகாயம் உயிரியல் ஆசிரியர்:
தமிழ் வழி என்பதால் இன்னொன்று. வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் சிக்கல் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். அதனால் சவ்வூடு பரவல் என்று படிக்கும்போதே பக்கத்தில் ஆஸ்மாசிஸ், மையநோக்கு விசை என்றால் சென்ட்ரிபீட்டல் ஃபோர்ஸ் என்று ஓரத்தில் எழுதி வை. ஒரு பாடத்துக்கு 20, 25 சொல்தான் வரும்.

காட்பாடி மாணவி:
நன்றி. முகாம் காலாண்டு விடுமுறையில்தான் வருகிறது. போகும்போது என்ன எடுத்துப் போகலாம்?

குடியாத்தம் இயற்பியல்:
அந்தத் தப்பு நோட்டு மட்டும். வேறு எடுத்துப் போனாலும் பையிலேயேதான் இருக்கும்.