செங்டூ – குன்மிங்: பழைய பாதையா, புதிய பாதையா?

நெடும்பயணி:
சீனாவின் நாட்டுப்புறத்தை ரயிலிலிருந்து காண விரும்பும் வெளிநாட்டவர், 2022 டிசம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட, தென்மேற்கு நகரங்களான செங்டூவையும் குன்மிங்கையும் இணைக்கும் புதிய ரயில் பாதையைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. அதில் ஏறத்தாழ ஏழரை மணி நேரத்தில் குன்மிங் வந்துவிடும். வழியில் எதுவும் மனத்தில் நிற்காது. 1970-இல் திறந்த பழைய பாதையிலோ, லியாங்ஷான் மலைகளின் ஊடே புசியோங்கிலிருந்து பான்ஜிஹுவா வரை ஓடும் 5633 எண் வண்டி சிறுசிறு நிலையங்களிலெல்லாம் நிற்கிறது. யீ இனத்து உழவர்கள் ஆடு, கோழி, கூடைக் காய்கறிகளோடு சந்தைக்குப் போகிறார்கள். கால்நடைகளுக்கென்றே இருக்கைகளை அகற்றிய பெட்டியும் உண்டு. மிகக் குறைந்த கட்டணம் 2 யுவான்.

கணக்கன்:
ஐயா, காட்சிக்காகப் பழைய பாதை என்றால் கணக்கு இடிக்கிறது. ஏறத்தாழ 1,100 கி.மீ. பாதையில் 427 சுரங்கங்களும் 991 பாலங்களும் உள்ளன. இரண்டும் சேர்ந்தால் நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆற்றைப் பார்த்து வியக்கத் தொடங்குவதற்குள் ஜன்னல் இருண்டு நம் முகமே தெரியும். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு: தன் ஆட்டை விற்றுக் குடும்பம் நடத்தப் போகிறவரின் வண்டியில் இடம் பிடித்து, அவரையே வேடிக்கை பார்க்க நாம் போக வேண்டுமா?

நெடும்பயணி:
புதிய பாதையில் சுரங்கங்களின் பங்கு இன்னும் மிகுதி என்பதைத் தாங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பயணச்சீட்டு வாங்கி அமர்பவரை வேடிக்கை பார்ப்பவர் என்பதும் சற்று மிகை.

அல்லி:
மாண்டரின் மூன்றாண்டு படித்த துணிவில் நானும் அந்த வண்டியில் ஏறினேன். பக்கத்தில் இருந்த மூதாட்டி பேசியதோ யீ இனத்தவரின் நுவோசு மொழி. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பள்ளி விடுமுறைக்கு ஊர் திரும்பிய அவருடைய பேத்திதான் இருவருக்கும் இடையே மொழிபெயர்த்தாள். புதிய பாதையில் விரைவு வண்டி இருக்க இதில் ஏன் வந்தீர்கள் என்று அவள் கேட்டபோது என்னிடம் நேரான பதில் இல்லை. அவசரமென்றால் தாங்களே அதில்தான் போவதாகவும், மூட்டைகளும் கோழியும் இருக்கும் நாளில் மட்டும் இதில் வருவதாகவும் சொன்னாள். (அவர்கள் தந்த வேகவைத்த உருளைக்கிழங்கை, மிளகாய்ப்பொடி தொட்டு, மறுக்காமல் தின்றேன்.)

கணக்கன்:
அந்தப் பெண்ணின் கேள்விதான் என் கேள்வியும்.

நெடும்பயணி:
எனக்கு அதில் பதில் இருக்கிறது. அல்லி அவர்கள் விரைவு வண்டியில் போயிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். என் முதல் பயணத்தில் நான் கேட்கவில்லை.